எடுத்து வைக்கிற ராம்ப்

இப்போதெல்லாம் கோயிலுக்கு வருகிறவர்கள் ஆண்டவர் முகத்தைத் தேடி வருவதில்லை, தங்கள் மூஞ்சியைப் படம் பிடிக்க வருகிறார்கள். சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வேதக்கோயில் காம்பவுண்டுக்குள் வந்து பாருங்கள். பெங்களூரிலிருந்து ஒரு கார் வந்து நிற்கும். கோட்டு போட்ட பையன் ஒருத்தன், முற்றத்தையே பெருக்குகிற நீளத்துக்கு வெள்ளைக் கவுன் போட்ட பெண் ஒருத்தி. கவுனின் வாலை ஒருவன் தூக்கி வீசுவான், அது கீழே விழுவதற்குள் இன்னொருவன் படம் எடுப்பான். சரியாக விழவில்லை என்று மறுபடியும் வீசுவான். கல்யாணம் இங்கே நடக்கப்போவதில்லை, அது வேறு ஏதோ மண்டபத்தில். இவர்களுக்கு வேண்டியது எங்கள் படிக்கட்டும் அதற்குப் பின்னால் தெரிகிற தேக்குக் கதவும்தான். ஒருநாள் மனசு கேட்காமல், "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உள்ள போயி ஒரு நிமிசம் பாத்துட்டுப் போங்களேன்" என்று சொன்னேன். "இல்ல அங்கிள், லைட் போயிடும்" என்றான் அந்தப் பையன்.

கோயில் அழகுதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. குதிரைப்படை வைத்திருந்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டினது. சுவரெல்லாம் கருங்கல். படிக்கட்டு கீழே அகலமாக ஆரம்பித்து, மேலே போகப்போகச் சுருங்கி, பாதி நிலா மாதிரி வாசலில் போய் முடியும். தெற்கே நாசரேத்துப் பக்கமிருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஓசூரில் ஒரு மனுசரையும் எனக்குத் தெரியாது. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் ஏறும்போதுதான் இங்கேயும் நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் படி என்பது ஏறுகிறவனுக்குத்தான் படி. ஏற முடியாதவனுக்கு அது வேலி. இதைச் சொன்னால் எங்கள் சபைக் கமிட்டிக்காரர்களுக்குக் கோபம் வரும்.

என் மனைவி ஜெபசீலிக்குச் சர்க்கரை முற்றி வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது முட்டியும் வீங்கிப்போய், ஊன்ற முடியாது. சக்கர நாற்காலிதான். நாற்காலி வந்த வருசம் ஈஸ்டர் அன்றைக்கு வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாலு பேர் ஓடிவந்து அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவன், "மச்சான், பாத்துடா, செம வெயிட்டு" என்றான். இன்னொருவனுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் விழவில்லை. ஆனால் சேலை ஒதுங்கி, காலை வெட்டித் தைத்த இடம் அத்தனை சனத்துக்கும் முன்னால் வெளியே தெரிந்தது. அவள் நாற்காலிக் கம்பியைப் பிடிப்பாளா, சேலையைப் பிடிப்பாளா? மூக்கண்டப்பள்ளி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"இனிமே என்னைய யாரும் தூக்கப்படாது. பெட்டில வச்சித் தூக்கும்போது தூக்கிக்கிடட்டும். அப்பம் நான் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல."

அதற்குப் பிறகு ஆராதனை முழுவதும் அவள் வெளியேதான். ஸ்பீக்கர் கட்டியிருக்கிற தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்துவேன். அவள் நல்ல பாட்டுக்காரி. உள்ளே இருக்கும்போது பாடகர் குழுவே இவள் குரலைப் பிடித்துத்தான் நடக்கும். வெளியே அது முடியவில்லை. உள்ளே ஒரு அடி முடிந்த பிறகுதான் இவளுக்கு எந்தப் பாட்டு என்றே பிடிபடும். திருவிருந்து அன்றைக்கு உள்ளே எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு போதகர் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அதற்குள் சனம் எழுந்து வெளியே வந்துவிடும். பைக்கை உதைக்கிறவன் உதைப்பான், போனில் பேசுகிறவன் பேசுவான். அந்தப் புகைக்கு நடுவில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மகன் பென்சனின் பெண் ப்ரீதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. இதே கோயிலில். சேலை, நகை எதைப் பற்றியும் ஜெபசீலி வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பேத்தி கல்யாணத்துக்கு நான் முன்வாசல் வழியா உள்ள போவணும். அதே வாசல் வழியா வெளிய வரணும். யாரும் தூக்காம. இத மட்டும் செஞ்சி தாங்க."

நான் கமிட்டிக்குப் போனேன். செயலர் ஆனந்த். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வீடு ஓசூரில். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பிள்ளை. எதைச் சொன்னாலும் "ஹெரிட்டேஜ் அங்கிள்" என்பான், பழசைத் தொடக்கூடாதாம். நியாயமாகச் சொல்ல வேண்டும், கருங்கல் மேல் யாரோ அடித்து வைத்திருந்த நீலப் பெயிண்டைச் சுரண்டி எடுத்தவன் அவன்தான். அவனே பழைய கட்டிடங்களைப் பார்க்கிற வினிதா என்ற பெண்ணைப் பெங்களூரிலிருந்து கூட்டிவந்தான். ஜீன்ஸ் பேண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கியபோது, இதுவும் போட்டோ எடுக்க வந்த கூட்டம்தான் என்று நினைத்தேன். அந்தப் பெண் படிக்கட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நேராக ஜெபசீலியிடம் வந்து கேட்டது: "ஆன்ட்டி, வீல்சேரை நீங்களே தள்ளிப்பீங்களா, யாராவது தள்ளணுமா?"

கால் போன நாளிலிருந்து எல்லாக் கேள்வியையும் சனங்கள் என்னிடம்தான் கேட்பார்கள், அவள் பக்கத்திலேயே இருந்தாலும். ஜெபசீலி நாற்காலியை அந்தப் பெண் பக்கம் திருப்பினாள். "சமமா இருந்தா நானே தள்ளிக்கிடுவேன் தாயி. மேட்டுக்குத்தான் இவங்க வேணும்."

வினிதா சொன்ன வழி லேசானது. படிக்கட்டைத் தொடவே வேண்டாம். இடது பக்கம் முற்றத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, மேலே இதே மாதிரிக் கல்லைப் பரப்பி, வாசல் மேடையில் கொண்டு சேர்த்துவிடலாம். தூர இருந்து பார்த்தால் தரையே தானாக ஏறிப் போகிற மாதிரி இருக்கும். "பிடிக்கலைன்னா ஒருநாள் மண்ணை அள்ளிடலாம். பழைய கல்லுல ஒரு கீறல்கூட விழாது" என்றது. எனக்கே, சரி, இது நடக்கிற காரியம் என்று பட்டது.

கமிட்டிக்குப் படவில்லை. இடது பக்கம் மண்ணை உயர்த்தினால் கல்யாணக் கார் எங்கே நிற்கும் என்றார் ஒருவர். முன்பக்கத்துக் களையே போய்விடும் என்றார் இன்னொருவர். கட்டணம் கட்டிப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்களே என்றும் ஒரு கவலை. மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்க்காமலேயே, "வருசத்துக்கு எத்தன பேரு வீல்சேர்ல வராங்க? அதயும் பாக்கணுமில்ல" என்றார்.

"வர முடியாம செஞ்சி வச்சிருக்கிய. பெறகு எப்படிய்யா வருவான்?" என்றேன்.

பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றி, கடைசியில் இரும்பில் ஒரு சாய்வுப் பாதை, ராம்ப், என்று முடிந்தது. இரண்டு துண்டாகச் செய்வது, தேவைப்படும்போது படிக்கட்டு மேல் போடுவது, வேலை முடிந்ததும் எடுத்துப் பின்பக்கம் வைப்பது. "ஆன்ட்டியும் உள்ள வரலாம், கோயில் லுக்கும் கெடாது. ரெண்டு பேருக்கும் சந்தோசம் அங்கிள்" என்றான் ஆனந்த். அது ரொம்பச் செங்குத்தாக இருக்கும், நல்லதில்லை என்று வினிதா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு அந்தப் பெண் புறப்பட்டுப் போய்விட்டது. எடுத்து வைக்க முடிகிற பொருளை யாராவது எடுத்துத்தான் வைப்பான்.

கல்யாணத்தன்று காலையில் ராம்ப் போட்டிருந்தார்கள். ஜெபசீலி மாம்பழ நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தாள். நானும் பென்சனும் பின்னாலிருந்து மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். இரும்பு டங்கு டங்கென்று அதிர்ந்தது. வந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டு போனாள். சக்கரம் நிலைக்கு மேல் ஏறி உள்ளே இறங்கினதும், "விடுங்க" என்றாள். கையை எடுத்தோம். நடுப்பாதையில் தானே தள்ளிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பெஞ்சையும் கடக்கும்போது அதன் முனையை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முதல் பாட்டு ஆரம்பித்தது. இந்தத் தடவை யாருக்கும் பின்னால் ஓடவில்லை, அவள் குரல் முன்னால் போயிற்று. மோதிரம் மாற்றியது, தாலி கட்டியது, பிரசங்கம் இதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறது.

ஆசீர்வாதம் முடிந்து மணி அடித்தது. எல்லாரும் முண்டியடித்து வெளியே போனார்கள். "கூட்டம் போவட்டும்" என்றாள். காலியான கோயிலுக்குள் அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிப்போனேன். பீடத்துக்குக் கிட்டே கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னாள். நின்றேன். பிறகு வாசலுக்கு வந்தோம்.

ராம்ப் இல்லை.

படிக்கட்டு முழுக்க எங்கள் குடும்பம். மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை வரிசை வரிசையாக நிற்கிறார்கள், அத்தனை பேர் முதுகும் எங்கள் பக்கம். நடுவில் ப்ரீதாவும் மாப்பிள்ளையும். கீழே முற்றத்தில் போட்டோக்காரன் தினேஷ்குமார் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, "எல்லாரும் இங்க பாருங்க, சின்னதா ஒரு சிரிப்பு" என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். ஆட்டின கையை நிறுத்தி, கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"தாத்தா, அந்த வீல்சேரக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கோங்க! கதவுல பாதி தெரியுது. ஃப்ரேம் கெடுது!"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "எலே!" என்று நான் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறந்தது. "யாரப் பாத்துலே உள்ள தள்ளச் சொல்லுத? பொண்ணோட ஆச்சிலே அவ! ராம்ப எவன்லே எடுத்தது?"

முதுகெல்லாம் முகமாகத் திரும்பியது. பென்சன் இரண்டு படி ஏறிவந்து, "அப்பா, கொஞ்சம் மெதுவாப்பா. சம்பந்தி வீட்டுக்காரங்க நிக்கறாங்க" என்றான்.

"நிக்கட்டும். நிக்கிறதுக்கு அவங்களுக்குக் கால் இருக்கு. உங்கம்மா எப்படிடா எறங்குவா?"

அவனுக்கு அப்போதுதான் அம்மா உள்ளே இருந்தது ஞாபகம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. திட்டம் போட்டு ஒருவனும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம்.

காம்பவுண்டு வாட்ச்மேன் ராமப்பன் கையைப் பிசைந்துகொண்டு வந்தான். "நான் இன்னா பண்றது சாமி? போட்டோக்காரரு எட்த்து வைன்னாரு. செயலர் சாரும் தலையாட்னாரு. பசங்க தூக்கிணு போயி பின்னால வெச்சிட்டாங்கோ."

ஆனந்த் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "சாரி அங்கிள், பத்தே நிமிஷம். குரூப் போட்டோ முடிஞ்சதும் திரும்பப் போட்டுடறோம். ராம்ப் இருந்தா படியே தெரியல, அதான்…"

"படி தெரியலன்னா என்ன? இவ தெரியுதாளா உனக்கு?"

வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்கள். "பாட்டி, நாங்க தூக்கி இறக்கிடறோம். ரெண்டு செகண்ட்."

"தொடாத" என்றாள் ஜெபசீலி. மெதுவாகத்தான் சொன்னாள். பையன்கள் இருந்த படியிலேயே நின்றுவிட்டார்கள்.

தினேஷ்குமார் ஸ்டூலைவிட்டு இறங்கி வந்தான். சமாதானம் பண்ணுகிற நினைப்பு அவனுக்கு. "பாட்டி, கோவிச்சுக்காதீங்க. உங்கள உள்ளயே தனியா ஒண்ணு எடுத்துக்கிறேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல இந்த போட்டோவுல, பொண்ணு பக்கத்துல சேத்துடலாம். யாருக்குமே தெரியாது. சேர்கூட வேணாம், நிக்கிற மாதிரியே பண்ணித் தரேன்."

ஜெபசீலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நிக்கிற மாதிரியா? காலுக்கு எங்கப்பா போவ?"

"அது வேற யாரோட காலயாவது வெச்சிடலாம் பாட்டி."

"நல்ல காலா பாத்து வைப்பா. வாங்குறதுதான் வாங்குதோம், பித்தவெடிப்பு இல்லாததா இருக்கட்டும்."

முதலில் சிரித்தவள் அவள்தான். பிறகு படிக்கட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கழுத்தைத் திருப்பாமல் என்னிடம், "பிரேக்கப் போடுங்க" என்றாள். நிலைக்கு நடுவில் பிரேக்கைப் போட்டேன். "நான் இங்கனதான் இருக்கப்போறேன். எடுக்குறவன் எடுக்கட்டும்" என்று சேலையை இழுத்துவிட்டு, கையை மடியில் கோத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ப்ரீதா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலே ஓடிவந்தாள். கண்ணில் இட்ட மை ஒழுகிக் கன்னத்துக்கு வந்திருந்தது. "ஆச்சி, எனக்குத் தெரியாது ஆச்சி" என்று நிலைக்கல்லில் அப்படியே உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்தாள். நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழேயிருந்து தினேஷ்குமார், "சூப்பர்! அப்படியே இருங்க மேடம்! பாட்டி, அவங்க தலையில கை வைங்க!" என்று கத்தி, பட்பட்டென்று எடுக்க ஆரம்பித்தான். அழுகிறதுக்குக்கூட அவன்தான் நேரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து நிமிசம் என்றார்கள். போட்டோ முடிந்ததும் சனம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போயிற்று. பையன்கள் பரிமாறப் போய்விட்டார்கள். ராம்ப்பின் ஒரு துண்டு மேல் சமையல்காரர்கள் அண்டாவையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். ராமப்பனும் பென்சனும் கெஞ்சி ஆள் சேர்த்து, அண்டாவை இறக்கி, இரும்பைத் தூக்கிவந்து போட்டபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. காலையில் டங்கு டங்கென்று ஏறினபோது ஊரே திரும்பிப் பார்த்தது. இறங்கும்போது அவளைப் பார்க்க முற்றத்தில் ஆள் இல்லை. நாற்காலி ஓடிவிடாமல் பென்சன் முன்னால் முட்டுக்கொடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். பட்டு வேட்டியெல்லாம் கிரீஸ் கறை.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் ஜெபசீலி சொன்னாள்: "தூக்கலல்லா? அது போதும் எனக்கு."

"உனக்குப் போதும், எனக்குப் போதாது" என்றேன். அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் படம் ஊரெல்லாம் போயிற்று. கருங்கல் வளைவு, தேக்குக் கதவு, மாம்பழப் பட்டில் கிழவி, மடியில் கல்யாணப் பெண். தினேஷ்குமார் தன் கடை வாசலிலேயே பெரிதாக மாட்டிவிட்டான். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணீர் வந்துவிட்டது என்றார்கள். சபைக் குரூப்பில் இதயமும் கும்பிட்ட கையுமாக வந்து குவிந்தது என்று பென்சன் காட்டினான். போதகரே ஒரு வசனத்தோடு போட்டிருந்தார். நாசரேத்தில் இருக்கிற என் தங்கச்சி மகள் வின்சி மட்டும், அவளுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள், பென்சனுக்கு எழுதியிருந்தாள்: படம் நல்லா இருக்கு அத்தான். அத்தை அதுக்கப்புறம் எப்படிக் கீழே இறங்கினாங்க?

பென்சன் அதை அப்படியே சபைக் குரூப்பில் போட்டுவிட்டான். அவன் செய்ததில் எனக்குப் பிடித்த காரியம் அது ஒன்றுதான். அன்றைக்கு அந்தக் குரூப்பில் இதயம் எதுவும் வரவில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆனந்த் எங்களைத் தேடிவந்தான். நாங்கள் ஸ்பீக்கர் தூணுக்குப் பக்கத்தில்தான் இருந்தோம். அன்றைக்கு ராம்ப் போடவில்லை. மத்தியானம் யாரோ போட்டோ எடுக்க முன்பதிவு செய்திருந்தார்களாம். அவன் முகமெல்லாம் சந்தோசம்.

"அங்கிள், கமிட்டியில பாஸ் ஆயிடுச்சு. வினிதா சொன்ன அதே பிளான். மார்க் பண்ணிட்டோம், வந்து பாருங்க."

இடது பக்கம் முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் நீளமாக இரண்டு கோடு போட்டிருந்தார்கள். மண்ணிலிருந்து கிளம்பி, சுவரை ஒட்டி, வாசல் மேடை வரைக்கும். ஜெபசீலி தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டாள். அங்கிருந்து மேலே கதவைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் வேலை ஆரம்பம் ஆன்ட்டி. முதல் கல்லை நீங்கதான் வைக்கணும். போட்டோவுக்குத் தினேஷையும் வரச் சொல்லியிருக்கோம்" என்றான் ஆனந்த்.

"கல்யாணக் கார் எங்க நிக்கும்?" என்று கேட்டேன்.

"அதப் பேசிக்கலாம் அங்கிள்."

"பேசலையா இன்னும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் ஹாரன் அடித்தது. பூ ஒட்டின வெள்ளைக் கார் ஒன்று உள்ளே வந்தது. பின்சீட்டில் கவுன் போட்ட பெண். வழக்கமாக நிற்கிற இடத்துக்கே டிரைவர் நேராக வந்தான். ஆனந்த் கையை ஆட்டினான். "பின்னால, பின்னால, கொஞ்சம் பின்னால எடுங்க!" அதற்குள் முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "சார், ஷூட்டுக்கு இங்கதான் நிப்பாட்டச் சொன்னாங்க" என்றான். ஆனந்த் அவனிடம் என்னவோ குனிந்து பேசினான். கார் பின்னால் போயிற்று, திரும்பவும் கோட்டின் மேலேயே.

நான் ஜெபசீலியின் நாற்காலியைத் திருப்பினேன்.

"இருங்களேன், அந்தப் பிள்ள பேசிட்டிருக்குல்லா" என்றாள் அவள்.

"நீ வேணா நம்பு."

"அங்கிள், இந்தத் தடவை கண்டிப்பா நடக்கும். நம்புங்க அங்கிள்" என்று பின்னாலிருந்து ஆனந்த் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. தள்ளிக்கொண்டே போனேன். முற்றத்து மண்ணில் எங்களுக்கு முன்னால் கார் சக்கரத்தின் தடம் பட்டையாக, வெள்ளையாக, கேட்டுப் பக்கம் நீண்டு கிடந்தது. அதை ஒட்டியே ஜெபசீலியின் சக்கரமும் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு வந்தது, நூல் மாதிரி இரண்டு கோடு. ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அதுவும் தேய்ந்து, மண்ணுக்குள் போய்விட்டது.